பேட்ரிக் ஏன் இப்படிச் செய்தான்? 'ஸ்டக் இன் த ரிங்கர்' எபிசோடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பாஞ்ச்பாப் ஸ்கொயர்பேன்ட்ஸ் கார்ட்டூனில் உங்களுக்குப் பிடிக்காத எபிசோடு எது என்று யார் கேட்டாலும் 'ஸ்டக் இன் த ரிங்கர்' என்றுதான் சொல்வேன். சொன்ன உடனே கேள்விகள் வரும். அது வெறும் காமெடிதானே? பேட்ரிக் விவரமில்லாதவன், அவனிடம் போய் நியாயம் கேட்கலாமா? பழைய எபிசோடுகளிலும் அவன் அப்படித்தானே இருந்தான்? எல்லாமே நல்ல கேள்விகள். அவற்றுக்கு ஒரே இடத்தில், பொறுமையாகப் பதில் சொல்லிவிடலாம் என்று எழுதியது இது. இந்தத் தொடர் எனக்கு மிகவும் பிடிக்கும். பிடிக்காவிட்டால் ஒரு எபிசோடுக்காக இவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

எபிசோடைப் பார்க்காதவர்களுக்குக் கதை என்ன?

கடலுக்கு அடியில் பிகினி பாட்டம் என்றொரு ஊர். அங்கே வாழும் மஞ்சள் நிறக் கடற்பஞ்சு ஸ்பாஞ்ச்பாப். அவனுடைய உயிர்த்தோழன் பேட்ரிக், பாறைக்கு அடியில் குடியிருக்கும் இளஞ்சிவப்பு நட்சத்திரமீன். ஒருநாள் ஸ்பாஞ்ச்பாப் குளித்துவிட்டு வந்து, ஈரத்துணியைப் பிழியும் உருளை எந்திரத்துக்குள் தன்னையே விட்டுப் பிழிந்துகொள்கிறான். பஞ்சு வேறு எப்படித் தலைதுவட்டும்? இந்த இடம்வரை அருமையான கற்பனை. ஆனால் பாதியிலேயே உருளைகளுக்கு இடையில் மாட்டிக்கொள்கிறான். உதவிக்கு வந்த பேட்ரிக், என்றைக்கும் விடாத நிரந்தரப் பசையைப் போட்டு அவனை எந்திரத்தோடு ஒட்டிவிடுகிறான்.

அதற்குப் பிறகு ஸ்பாஞ்ச்பாப் எந்திரத்தைச் சுமந்துகொண்டேதான் நடமாட வேண்டியிருக்கிறது. இருவரும் கேளிக்கைத் திருவிழாவுக்குப் போகிறார்கள். மாட்டிக்கொண்டவனால் எதையும் அனுபவிக்க முடியவில்லை, மற்றவனுக்குக் கொண்டாட்டம். கடைசியில் ஸ்பாஞ்ச்பாப் பொறுமை இழந்து கத்திவிடுகிறான். பேட்ரிக் அழுகிறான். சுற்றி நின்றவர்கள் ஸ்பாஞ்ச்பாப்பைப் பிடித்துக் குறை சொல்கிறார்கள். தனியாகிப் போன ஸ்பாஞ்ச்பாப் அழ, அந்தக் கண்ணீரில் பசை கரைகிறது. அழுதால் பிரச்சினை தீரும் என்ற மாதிரி ஒரு முடிவோடு கதை நிறைகிறது.

2009 முதல் 2011 வரை ஒளிபரப்பான 7ஆம் சீசனில் வருவது இது.

பேட்ரிக் விவரம் இல்லாதவன். அவனைச் சுயநலக்காரன் என்று சொல்வது சரியா?

முதலில் வரும் கேள்வி எப்போதும் இதுதான். நானும் ரொம்ப நாள் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விவரம் இல்லாமை வேறு, அக்கறை இல்லாமை வேறு. பசையைப் போட்டது விவரம் இல்லாமை. அதற்காக அவன்மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. கையில் கிடைத்ததை யோசிக்காமல் எடுப்பவன் அவன் என்பது முதல் சீசனிலிருந்தே தெரிந்ததுதான். உதவப் போய் உபத்திரவத்தில் முடிவது அவனுடைய இயல்பு, அதில்தான் நமக்குச் சிரிப்பும் வருகிறது. ஆனால் திருவிழாவில் நடப்பது அந்த வகையில் சேராது. நண்பன் கையைக்கூட நீட்ட முடியாமல் நிற்கிறான், அது கண்ணுக்கு எதிரே தெரிகிறது. அதைப் புரிந்துகொள்ள அறிவு எதுவும் வேண்டியதில்லை. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்பாஞ்ச்பாப் கத்தியதும் பேட்ரிக்குக்கு உடனே வலிக்கிறது, அந்த நொடியே அழுகிறான். தன் மனம் நொந்தது அவனுக்கு எந்தத் தாமதமும் இல்லாமல் புரிகிறது. காலையிலிருந்து நண்பன் பட்ட பாடு மட்டும் புரியவில்லை. தன் வலி தெரிகிறது, அடுத்தவன் வலி தெரியவில்லை என்றால் அதற்கு முட்டாள்தனம் என்று பெயர் வைக்க முடியாது. எழுதியவர்கள் தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா, அது வேறு விஷயம். திரையில் வந்து நிற்பது சுயநலம்தான்.

அப்படியானால் சுயநலக்கார நண்பனை வைத்துக் கார்ட்டூனே எடுக்கக்கூடாதா?

தாராளமாக எடுக்கலாம். கார்ட்டூன் வரலாற்றில் மறக்க முடியாத பாத்திரங்களில் பாதிப்பேர் சுயநலக்காரர்கள்.

டாஃபி டக்கைப் பாருங்கள். 1957இல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'அலி பாபா பன்னி' குறும்படத்தில் டாஃபியும் பக்ஸ் பன்னியும் சுரங்கம் தோண்டிக்கொண்டே வழி தவறிப் புதையல் குகைக்குள் வந்துவிடுகிறார்கள். தங்கத்தைப் பார்த்ததும் டாஃபிக்கு வெறி பிடிக்கிறது. எல்லாம் எனக்கே என்று கூடவந்தவனைப் பொந்துக்குள் தள்ளி மிதிக்கிறான். இதைவிடச் சுயநலம் இருக்க முடியாது. ஆனாலும் அந்தப் படத்தை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. காரணம், டாஃபியின் பேராசைக்கு அந்தக் கதையிலேயே கணக்குத் தீர்க்கப்படுகிறது. விளக்கிலிருந்து வந்த பூதத்தையும் அவன் விரட்டப் பார்க்க, பூதம் அவனைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிவிடுகிறது. அப்போதும் ஒரு முத்துக்காக ஓடிவருகிறான். அவன் மாறவே இல்லை. கதை அவனைப் பார்த்த பார்வை மட்டும் தெளிவாக இருக்கிறது.

நோபிதாவும் அப்படித்தான். டோரேமான் கொடுக்கும் கருவியை முதலில் தேவைக்குப் பயன்படுத்துவான், அப்புறம் ஆசை கூடி அளவு மீறுவான், கடைசியில் அது அவன் தலையிலேயே வந்து விழும். ஃபுஜிகோ எஃப் ஃபுஜியோ 1969இன் கடைசியில் தொடங்கிய அந்தக் கதைவரிசையில் திரும்பத் திரும்ப வரும் வடிவம் இது. நோபிதா சோம்பேறி, அழுமூஞ்சி, நண்பனைச் சுரண்டுகிறவன். இருந்தும் அவனை வெறுக்க யாருக்கும் மனம் வருவதில்லை. தான் செய்ததன் பலனை அவனே அனுபவிப்பதை நாம் பார்த்துவிடுகிறோம். அதே தொடரில் சுனியோ புதுப் பொருளைக் காட்டிவிட்டு, "மூன்று பேருக்குத்தான் இடம்" என்று நோபிதாவை மட்டும் விட்டுவிட்டுப் போவான். அந்த இடத்தில் கதை சுனியோவோடு போகாது, நோபிதாவோடு தெருவிலேயே நின்றுவிடும்.

நான் எந்த எபிசோடைப் பார்த்தாலும் கேட்டுக்கொள்வது இந்த ஒன்றைத்தான்: சுயநலம் நடக்கும்போது கதை யாரோடு நிற்கிறது? நண்பன் எவ்வளவு மோசமானவன் என்பது இரண்டாவது கேள்வி. சக் ஜோன்ஸ் பக்ஸ் பன்னிக்கு ஒரு விதி வைத்திருந்தார். பக்ஸ் தானாக வம்புக்குப் போகமாட்டான், முதலில் யாராவது அவனைச் சீண்ட வேண்டும். அதன் பிறகு அவன் என்ன அட்டூழியம் செய்தாலும் நாம் அவன் பக்கம்தான். பார்க்கிறவர்களின் நியாய உணர்வை மதிப்பது என்றால் இதுதான்.

பழைய எபிசோடுகளிலும் பேட்ரிக் சுயநலமாக இருந்திருக்கிறானே?

இருந்திருக்கிறான், அதை மறைத்துப் பேசினால் என் வாதமே நிற்காது. அதனால் மூன்று எபிசோடுகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 3ஆம் சீசனில் வரும் 'ராக்-எ-பை பைவால்வ்'. ஆதரவற்ற சிப்பிக்குஞ்சு ஒன்றை இருவரும் வளர்க்கிறார்கள். ஸ்பாஞ்ச்பாப் அம்மா, பேட்ரிக் அப்பா. பேட்ரிக் தினமும் 'வேலைக்கு'ப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். வீட்டில் ஸ்பாஞ்ச்பாப் ஒருவனாகச் சமைத்து, துடைத்து, குழந்தையைப் பார்த்துக்கொண்டு துவண்டுபோவான். கடைசியில் பார்த்தால் பேட்ரிக்கின் வேலை, பாறைக்கு அடியில் உட்கார்ந்து டிவி பார்ப்பது! 'ரிங்கர்' எபிசோடை விட இது கொடுமையான சுயநலம், ஏனென்றால் இங்கே அவன் பொய்யும் சொல்கிறான். ஆனால் கேமரா எங்கே இருக்கிறது? அலங்கோலமான அந்த வீட்டில், ஸ்பாஞ்ச்பாப்பின் களைத்த முகத்தில். அவன் கோபப்படும்போது நாமும் சேர்ந்து கோபப்படுகிறோம், அந்தக் கோபத்தைக் கதை தப்பு என்று சொல்வதில்லை. வீட்டு வேலையில் பங்கெடுக்காத கணவன் என்ற எல்லோருக்கும் தெரிந்த ஒரு வகையைப் பிடித்து, அதைப் பேட்ரிக் மேல் போர்த்தி, எழுதியவர்கள் ஒன்றைச் சொல்லவும் செய்திருக்கிறார்கள். கடைசியில் பேட்ரிக் இன்னொரு குழந்தை வளர்க்கலாமா என்று கேட்கும் இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் சிரித்துவிடுகிறேன்.

இரண்டாவது, 2ஆம் சீசனின் 'ஐ'ம் வித் ஸ்டுப்பிட்'. பேட்ரிக்கின் அப்பா அம்மா வருகிறார்கள். அவர்கள் முன்னால் தான் அறிவாளியாகத் தெரிய வேண்டும் என்று அவன் தவிக்கிறான். நண்பனுக்காக ஸ்பாஞ்ச்பாப்பே முட்டாள் வேஷம் போட முன்வருகிறான். போகப் போக அது வேஷம் என்பதையே பேட்ரிக் மறந்துவிட்டு, அவனை நிஜமாகவே முட்டாள் என்று இளக்காரம் செய்ய ஆரம்பிக்கிறான். பார்க்கவே சங்கடமாக இருக்கும். ஆனால் முடிவில் ஒரு திருப்பம்: வந்திருந்தவர்கள் அவனுடைய பெற்றோரே இல்லை, அவர்களுக்குப் பிள்ளையே கிடையாது! அத்தனை நேரம் ஆடிய ஆட்டமும் யாரோ இரண்டு வழிப்போக்கர்களிடம். பேட்ரிக்கின் கர்வம் போன இடம் தெரியவில்லை.

மூன்றாவதைத்தான் 'ரிங்கரோ'டு நேருக்கு நேர் வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சீசனின் 'வேலன்டைன்ஸ் டே'. இதிலும் கேளிக்கைத் திருவிழா உண்டு, இதிலும் பேட்ரிக் தன்னைப் பற்றி மட்டுமே யோசிக்கிறான், இதிலும் கூட்டம் உண்டு. நண்பன் பெரிய பரிசு தருவான் என்று காத்திருந்தவனுக்கு வெறும் கைகுலுக்கல் கிடைக்கிறது. ஊரையே துவம்சம் செய்கிறான். ஆனால் நமக்கு ஒரு ரகசியம் தெரியும். சாக்லேட்டால் செய்த ராட்சச பலூன் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது, வழியில் தாமதம், அவ்வளவுதான். அதனால் அவனுடைய வெறியைப் பார்த்துப் பயந்தாலும், "ஐயோ, இன்னும் கொஞ்சம் பொறுடா" என்றுதான் மனது அடித்துக்கொள்கிறது. அந்தக் கோபத்துக்குள் இருப்பது ஏமாந்த குழந்தையின் அழுகை. நண்பன் தன்னை மறந்துவிட்டான் என்ற பயம். 'ரிங்கர்' திருவிழாவில் பேட்ரிக்குக்குள் அப்படி எதுவுமே வைக்கப்படவில்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

சரி, எபிசோடு கைநழுவிப் போன இடம் எது?

சுற்றி நின்ற கூட்டம் ஸ்பாஞ்ச்பாப்பைக் குறை சொல்லும் இடம். அதற்கு முன்னால் வந்ததையெல்லாம் மன்னித்திருப்பேன்.

பிகினி பாட்டம் மக்கள் பாதி தெரிந்துகொண்டு முழுதாகக் கொந்தளிப்பவர்கள். இது தொடரின் பழைய நகைச்சுவை, பல எபிசோடுகளில் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. கூட்டம் தவறாகப் புரிந்துகொள்ளும், நமக்கு உண்மை தெரியும், அந்த இடைவெளியில் சிரிப்பு வரும். இங்கேயும் அப்படி வைத்திருக்கலாம். கூட்டம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பேட்ரிக்காவது, "இல்லை, அவன் இப்படி ஆனதற்கு நான்தான் காரணம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது வரவில்லை. அதைவிட மோசம், கூட்டம் சொன்னதைக் கதையும் ஒப்புக்கொள்கிறது. ஸ்பாஞ்ச்பாப் குற்றவுணர்வில் குமைகிறான், நண்பனை விரட்டிவிட்டோமே என்று அழுகிறான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அது அப்படியே நடக்கிறது, எதிர்த்துச் சொல்ல எபிசோடில் ஒரு குரல்கூட இல்லை.

ஒருவன் நாள் முழுக்கத் தாங்கிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தடவை கத்துகிறான். நிஜ வாழ்க்கையிலும் இப்படித்தான் நடக்கும். தாங்கிய நேரம் யார் கண்ணிலும் படாது, கத்திய நிமிடம் மட்டும் எல்லோர் கண்ணிலும் படும். இதை நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியிருந்தால் மறக்க முடியாத எபிசோடாகியிருக்கும். பொருள் கையிலேயே இருந்தது. அதனால்தான் எனக்கு ஆதங்கம்.

கண்ணீரால் பசை கரைவது அழகான முடிவுதானே?

தனியாக எடுத்துப் பார்த்தால் அழகுதான். தண்ணீரைப் பிழிந்து வெளியேற்றப் போய் மாட்டிக்கொண்டவன், கண்ணிலிருந்து வரும் தண்ணீரால் விடுபடுகிறான். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும் வட்டம் அது, அதை யோசித்தவருக்குத் திறமை இருக்கிறது.

ஆனால் யாருடைய கண்ணீர் என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவனே அழுது, தன்னைத்தானே விடுவித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒட்டியவன் எதுவும் செய்யவில்லை. அதோடு, அழுதது தன் கஷ்டத்துக்காகக்கூட இல்லை, தப்பே செய்யாத தான் தப்பு செய்துவிட்டதாக நினைத்து. கடைசியில் அதற்கு ஒரு பாடத்தையும் ஒட்டி அனுப்புகிறார்கள். அழுகை மனதை லேசாக்கும், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்த இருவருக்கும் நடுவில் இருந்த பிரச்சினை பசை இல்லையே.

ஸ்டீஃபன் ஹில்லன்பர்க் விலகியதுதான் காரணமா?

ரசிகர்களில் பலர் அப்படித்தான் சொல்வார்கள். 1999 மே 1இல் முதல் எபிசோடு வந்த இந்தத் தொடரை உருவாக்கியவர் ஹில்லன்பர்க். கடல் உயிரியல் ஆசிரியராக இருந்தவர். 2004இல் ஸ்பாஞ்ச்பாப் திரைப்படம் வந்த பிறகு அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகினார், பால் டிபிட் அந்த இடத்துக்கு வந்தார். பின்னாளில் ஹில்லன்பர்க் ஓரளவு திரும்பி வந்தார், 2018 நவம்பரில் காலமானார். 6, 7, 8ஆம் சீசன்கள்தான் தொடரின் தாழ்ந்த காலம் என்ற பேச்சு ரசிகர்களிடையே உண்டு.

நான் இதை முழுதாக ஏற்பதில்லை. டிபிட் வெளியிலிருந்து திடீரென வந்தவர் இல்லை, நாம் கொண்டாடும் ஆரம்ப எபிசோடுகளிலேயே வேலை செய்தவர். ஆள் மாறியதால் கெட்டுவிட்டது என்றால் யோசிக்க வேலையில்லாமல் போய்விடும். எனக்குத் தோன்றும் காரணம் வேறு. இந்தத் தொடரில் எழுத்தாளர்கள் சுருக்கமான கதைத்திட்டம் மட்டும் தருவார்கள், வசனத்தையும் காட்சிகளையும் ஸ்டோரிபோர்டு வரைபவர்கள்தான் படம் படமாக உருவாக்குவார்கள். ஸ்பாஞ்ச்பாப்பின் முகச் சேட்டைகள் இவ்வளவு உயிரோடு இருப்பதற்கு அந்த முறைதான் காரணம். அதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஒவ்வொரு படமும் தனித்தனியாகச் சிரிக்க வைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகும்போது, 'இவன் இதை ஏன் செய்கிறான்' என்ற கேள்வி நழுவிவிடும். நூற்றுக்கும் மேல் எபிசோடுகள் எடுத்த பிறகு, பேட்ரிக் எதையாவது கெடுப்பான் என்பது பழக்கமாகிவிட்டது. காரணம் வைக்க வேண்டும் என்ற நினைப்பு தேய்ந்துவிட்டது.

இதைத்தான் 'ஃபிளாண்டரைசேஷன்' என்கிறார்களா?

ஆமாம். 'தி சிம்ப்சன்ஸ்' தொடரில் வரும் பக்கத்து வீட்டுக்காரர் நெட் ஃபிளாண்டர்ஸின் பெயரிலிருந்து வந்த சொல். நல்ல அண்டைவீட்டுக்காரராக, பக்தியும் உள்ளவராக அறிமுகமானவர், போகப் போகப் பக்தி மட்டுமே மிஞ்சிய ஆளாகிவிட்டார். ஒரு பாத்திரத்தின் பல குணங்களில் ஒன்று மட்டும் வீங்கி மற்றதை விழுங்கிவிடுவது. பேட்ரிக்கிடம் அசடு, சோம்பல், பிடிவாதம், பாசம் எல்லாம் இருந்தன. இதில் காணாமல் போனது பாசம்.

குழந்தைகள் பார்த்தால் கெட்டுப்போவார்களா?

ஒரு எபிசோடால் யாரும் கெட்டுப்போக மாட்டார்கள். இந்தப் பேச்சு வந்தாலே சிலர் 2011இல் வந்த ஓர் ஆய்வைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், அதனால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் நடந்தது அது. நான்கு வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு 9 நிமிடம் ஸ்பாஞ்ச்பாப் காட்டினார்கள். மற்ற இரண்டில் ஒன்று மெதுவாகப் போகும் கல்வி நிகழ்ச்சியைப் பார்த்தது, இன்னொன்று படம் வரைந்தது. உடனே வைத்த கவனம், சுயகட்டுப்பாடு சார்ந்த சோதனைகளில் ஸ்பாஞ்ச்பாப் பார்த்தவர்கள் பின்தங்கினார்கள். அந்த ஆய்வு பார்த்தது கவனத்தையும் உடனடி விளைவையும் மட்டும். நட்பு, சுயநலம், நியாயம் பற்றி அதில் ஒன்றும் கிடையாது. தவிர, தொடர் 6 முதல் 11 வயதுவரை உள்ளவர்களுக்கானது என்று அதை ஒளிபரப்பும் நிக்கலோடியன் சேனல் அப்போதே பதில் சொன்னது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அக்கா மகனோடு உட்கார்ந்து இந்த எபிசோடைப் பார்த்தபோது அவனுக்கு ஏழு வயது. கூட்டம் ஸ்பாஞ்ச்பாப்பைத் திட்டும் இடத்தில் என் பக்கம் திரும்பி, "மாமா, மாட்டிக்கிட்டது இவன்தானே, இவனை ஏன் திட்டுறாங்க?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கதை முடியும்வரை காத்திருந்தான், கதையிலும் பதில் வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு எது நியாயம் என்று நன்றாகத் தெரியும், கெட்டுப்போவானோ என்று நான் பயப்படவில்லை. அவன் நேர்மையாகக் கேட்ட கேள்வியைக் கதை காதில் வாங்கவில்லையே என்றுதான் கஷ்டமாக இருந்தது.

11 நிமிடக் கார்ட்டூனுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

மேலே சொன்ன மூன்று எபிசோடுகளும் அதே 11 நிமிடங்கள்தான்.

இதே சீசனில் இந்த மாதிரி வேறு எபிசோடு உண்டா?

உண்டு. 'யுவர்ஸ், மைன் அண்ட் மைன்' என்பதில் இருவரும் சேர்ந்து வாங்கிய ஒரு பொம்மையைப் பேட்ரிக் தன்னுடையதாகவே வைத்துக்கொண்டு நண்பனை விளையாடவே விடமாட்டான். அதுவும் பார்க்க எரிச்சல்தான். ஆனால் பொம்மைக்காகச் சண்டை போடுவது குழந்தைகளுக்குள் தினமும் நடப்பது, அந்த அளவில் அது புரிகிறது. உடல் முழுக்க ஒட்டிக்கிடப்பவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொண்டாடுவது அதோடு சேராது.

வேறு கார்ட்டூன்களில் இதே தவறு நடந்திருக்கிறதா?

உடனே நினைவுக்கு வருவது 1999இல் வந்த 'ஆர்தர்' தொடரின் 'ஆர்தர்'ஸ் பிக் ஹிட்'. தொடாதே என்று சொல்லியும் கேட்காமல், அண்ணன் ஆர்தர் அரும்பாடுபட்டுச் செய்த மாதிரி விமானத்தைத் தங்கை டி.டபிள்யூ. ஜன்னல் வழியாக எறிந்து உடைத்துவிடுகிறாள். ஆத்திரத்தில் அவன் அடித்துவிடுகிறான். அடித்தது தப்புதான், அதைக் கதை அழுத்திச் சொல்வதும் சரிதான். ஆனால் விமானம் உடைந்ததற்கு அந்த அளவு பேச்சே இல்லை. அதனால்தான் வளர்ந்த பிறகும் பலர் அந்த எபிசோடைப் பற்றிக் கொதிப்போடு பேசுகிறார்கள். இரண்டு தப்புகளில் ஒன்றுக்கு மட்டும் விசாரணை நடந்தால் பார்ப்பவர் மனதில் அது தங்கிவிடும்.

இந்த எபிசோடில் நல்லதே கிடையாதா?

உண்டு. ஸ்பாஞ்ச்பாப்புக்குக் குரல் கொடுக்கும் டாம் கென்னி. சகித்துச் சகித்துக் கடைசியில் வெடிக்கும் இடத்தில் அவர் குரலில் இருக்கும் வலி நிஜமானது. அந்தக் குரல் அவ்வளவு உண்மையாக இருப்பதால்தான் அடுத்து வருவது அநியாயமாகப் படுகிறது என்றுகூட எனக்குத் தோன்றும். பேட்ரிக்குக்குக் குரல் கொடுக்கும் பில் ஃபாகர்பாக்கியும் சளைத்தவர் இல்லை. அப்புறம், பஞ்சு தன்னைப் பிழிந்துகொள்ளும் அந்த முதல் யோசனை. அதை நான் மனதாரப் பாராட்டுவேன்.

விமர்சனம் எழுதும்போது 'எரிச்சலாக இருந்தது' என்பதைத் தாண்டி எப்படி எழுதுவது?

எரிச்சல் வந்த நொடியில் நிறுத்துங்கள். அந்தக் காட்சியில் யார் முகம் திரையில் இருக்கிறது, யாருக்குக் கடைசி வார்த்தை கிடைக்கிறது என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவன் வாயைத் திறந்தால் கதை காது கொடுக்கிறதா, வாயை அடைக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் இதே பாத்திரம் இதே தப்பைச் செய்தும் உங்களுக்குப் பிடித்துப்போன வேறொரு எபிசோடைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். எனக்கு 'வேலன்டைன்ஸ் டே' கிடைத்த பிறகுதான் இந்த எபிசோடில் என்ன குறைகிறது என்று சொல்ல முடிந்தது. அதுவரை வெறும் புகைச்சல்தான். எழுதும்போது எடுத்தவர்களைத் திட்டாதீர்கள். ஒரு எபிசோடு சறுக்கியவர்கள் வேறொரு எபிசோடில் நம்மை அழ வைத்திருப்பார்கள்.

நீங்கள் எழுதியிருந்தால் எதை மாற்றியிருப்பீர்கள்?

ஒன்றே ஒன்றை. மாட்டிக்கொள்வது, பசை, திருவிழா, கத்துவது எல்லாம் அப்படியே இருக்கட்டும். கூட்டம் திட்டுவதும் இருக்கட்டும். ஸ்பாஞ்ச்பாப் தலைகுனிந்து நிற்கும்போது பேட்ரிக் முதல் தடவையாக அந்த எந்திரத்தைப் பார்க்கட்டும். நன்றாக, கிட்டே போய். உருளைக்கு நடுவில் நசுங்கியிருக்கும் நண்பனைத் தொட்டுப் பார்க்கட்டும். அவனுக்கே உரிய தாமதத்தோடு, "இது காலையிலிருந்தே வலிக்குதா?" என்று கேட்கட்டும். பிறகு அவன் அழட்டும். பசையைக் கரைப்பது பேட்ரிக்கின் கண்ணீராக இருக்கட்டும். அவன் ஏற்கெனவே இந்த எபிசோடில் அழத்தான் செய்கிறான், அந்த அழுகையைத் தனக்காக இல்லாமல் நண்பனுக்காக ஆக்கினால் போதும். ஒரு நிமிடம்கூட கூடுதலாகத் தேவைப்படாது.

இதைப் பார்த்துப் பேட்ரிக்கையே வெறுத்துவிட்டேன். அடுத்து எதைப் பார்க்கலாம்?

2ஆம் சீசனின் 'த ஃப்ரை குக் கேம்ஸ்'. சமையல்காரர்களுக்கான விளையாட்டுப் போட்டி. நண்பர்கள் இருவரும் முட்டிக்கொண்டு எதிரெதிர் கடைகளுக்காகக் களம் இறங்குகிறார்கள். பேட்ரிக் பிடிவாதத்தின் உச்சியில் இருப்பான், ஸ்பாஞ்ச்பாப்பும் அன்றைக்கு விட்டுக்கொடுக்க மாட்டான். கடைசிச் சுற்று மல்யுத்தம். கட்டிப் புரளும்போது இருவருடைய கால்சட்டையும் கிழிந்துவிடுகிறது. பார்த்தால் மஞ்சள் ஸ்பாஞ்ச்பாப் உள்ளே போட்டிருப்பது இளஞ்சிவப்பு, இளஞ்சிவப்புப் பேட்ரிக் போட்டிருப்பது மஞ்சள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்கலங்குகிறார்கள். போட்டியை அப்படியே விட்டுவிட்டு, உள்ளாடையோடு, கைகோத்துக்கொண்டு அரங்கத்தை விட்டு வெளியே நடக்கிறார்கள்.